ஈரம் குடித்த கடதாசி

ஈரத் துவாயைக் காயப்போடத் திருகோணமலையில் இடமா இல்லை? வெயில் இருக்கிறது, கடற்காற்று இருக்கிறது, கொடிக்கயிறு இருக்கிறது. ஆனால் தங்கரத்தினம் ஐயாவுக்கு அவை எதுவும் பிடிக்கவில்லை. உட்துறைமுக வீதியில் அவருக்குச் சொந்தமான ஆய்வுகூடத்தில், இருக்கிற அறைகளுக்குள்ளேயே விலை கூடிய அறையைத்தான் அவர் அதற்குத் தெரிந்தெடுத்தார்.

அந்த அறை கடதாசிக்காகக் கட்டப்பட்டது. உள்ளே வெப்பம் இருபத்துமூன்று பாகையிலும் காற்றின் ஈரம் ஐம்பது வீதத்திலும் நிற்க வேண்டும் என்பது உலக நியமம். கடதாசி காற்றிலுள்ள தண்ணீரைக் குடிக்கும். துறைமுகத்துக் காற்றில் வைத்து நிறுத்தால் கடதாசியோடு கடலையும் சேர்த்து நிறுத்த மாதிரித்தான். ஆகவே நிறுப்பதற்கு முன் அது அந்த அறையில் ஒரு நாள் கிடந்து, குடித்ததைக் கக்கிவிட்டு வர வேண்டும். ஆய்வுகூடத்துக்கு அங்கீகாரம் கிடைத்ததே இந்த அறையைக் காட்டித்தான். அங்கீகாரப் பத்திரம் கண்ணாடிச் சட்டத்துக்குள் வாசலில் மாட்டியிருந்தது. உள்ளே துவாய் தொங்கியது.

ஐயா ஒரு காலத்தில் சீமெந்துக் கம்பனி ஒன்றில் மனேஜர். சீமெந்தைத் தவிர வேறொன்றும் தெரியாது, அதுவும் மூட்டை எண்ணுகிற அளவுக்குத்தான் தெரியும். முழங்கால் வருத்தத்துக்கு விடிய எழும்பிக் கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளித்துவிட்டு, அந்தத் துவாயோடேயே வேலைக்கு வருவார். கட்டடத்தில் ஏசி எந்நேரமும் ஓடுகிற அறை அது ஒன்றுதான் என்று கண்டுபிடித்த அன்றைக்கே தன் கதிரையையும் மேசையையும் அதற்குள் கொண்டுவந்து போட்டார். பிறகு தேத்தண்ணிக் கேத்தல் வந்தது. ஈரம் உறிஞ்சும் மெசினைத் தொண்டை காய்கிறது என்று நிறுத்திவைத்தார். சுங்கத்துக்காகக் கடதாசியை நிறுத்து நாட்டின் இறக்குமதி வரியைத் தீர்மானிக்கிற அறை இப்படியாக ஒரு கிழவரின் குளியலறைக்கு விறாந்தையாகிப் போனது.

அங்கே பரிசோதித்துக் கையொப்பமிடுகிறவள் கமலேஸ்வரி. இரசாயனத்தில் முதல் வகுப்பு. புல்மோட்டை மண், குச்சவெளிக் கிணற்றுத் தண்ணீர், சீமெந்து, கடதாசி, எது வந்தாலும் அவளுடைய பேனா கீறினால்தான் அது அறிக்கை. அந்தக் கையொப்பத்தைத் தவிர உலகத்தில் மதிக்கத்தக்கதாக அவளுக்கு எதுவும் தென்படவில்லை. ஐயாவை அவள் மதிக்கவில்லை. ஐயாவுக்குத் தலையாட்டும் கணக்குப்பிள்ளையை மதிக்கவில்லை. மாதிரி கொண்டுவரும் சுங்கக்காரரையும், மாதிரிக்குச் சொந்தக்காரரான வியாபாரிகளையும் அவள் ஒரே தட்டில் வைத்திருந்தாள். முன்னவர்கள் மொக்கர்கள், பின்னவர்கள் கள்ளர்கள். இதில் அவளுக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

துவாயைப் பற்றி அவள் ஒருதரம் சொன்னாள்.

"ஐயா, இந்த அறைக்குள்ளை ஈரம் கூடாது. கடதாசி நிறை ஏறிப்போகும்."

"துவாய் என்ன கடலே, பிள்ளை? ஒரு முழத் துணிக்கு உம்முடைய தராசு குழம்புமெண்டால், பிழை தராசிலை."

எருமை மாட்டின் மேல் மழை பெய்தால் மழைக்கல்லவா நட்டம் என்று எண்ணிக்கொண்டு கமலேஸ்வரி போய்விட்டாள். சுவரில் இருந்த ஈரப்பதமானியின் முள் எழுபதைத் தொட்டுக்கொண்டு நின்றது. அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, அறிக்கையில் 'நியமப்படி பதப்படுத்தி நிறுக்கப்பட்டது' என்ற அச்சடித்த வரிக்குக் கீழே கையொப்பம் வைத்தாள். அன்றைக்கும் வைத்தாள், அதற்குப் பிறகும் வைத்தாள். கள்ளர்களின் கடதாசிதானே, ஒரு கிராம் ஏறினால் ஏறட்டும். எப்படியும் எங்கேயாவது எதையாவது ஒளித்திருப்பார்கள். இப்படி ஒரு நியாயம் கையில் இருந்ததால் அவளுக்கு நித்திரை கெடவில்லை.

அந்தக் கள்ளர்களில் ஒருத்தி கிண்ணியா ஜெமீலா.

ஜெமீலா பள்ளிப் பிள்ளைகள் எழுதுகிற அப்பியாசக் கொப்பி செய்து விற்கிறவள். வீட்டுக்குப் பின்னால் பட்டறை, அதில் வெட்டவும் மடிக்கவும் தைக்கவும் அயல் பெண்கள். வெளிநாட்டு ஆலையொன்றிலிருந்து மலிவான பத்திரிகைத் தாளை உருளை உருளையாக இறக்குவாள். பத்திரிகைத் தாளுக்கு வரி கொஞ்சம், எழுதுதாளுக்கு வரி கூட. இரண்டையும் பிரிக்கிற கோடு எடையில் இருக்கிறது: சதுர மீற்றருக்கு அறுபத்தைந்து கிராமுக்குள் நின்றால் பத்திரிகைத் தாள், தாண்டினால் இல்லை. ஆலை அறுபத்துநாலு என்று அனுப்பியது. போன வருடம் கமலேஸ்வரியின் தராசு அறுபத்தைந்தரை என்றது. பத்திரிகைத் தாள் என்று ஜெமீலா எழுதிக் கொடுத்தது பொய்ப் பிரகடனம் என்றாகி, வரியும் தண்டமும் வந்தன. அதைவிட, கள்ளச் சாமான்காரி என்ற பெயரும் வந்தது. மூதூர்ப் பக்கத்துப் பாடசாலைகள் அவளிடம் கொப்பி வாங்குவதை நிறுத்தின. இந்த வருடம் அதே ஆலை, அதே கடதாசி. இரண்டாம் தரமும் பொய்ப் பிரகடனம் என்றால் இறக்குமதிப் பதிவே போய்விடும். பட்டறையைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்.

உருளைகளைப் பார்வையிட்டவர் ரிஷாத் என்ற சுங்க மதிப்பீட்டாளர். அவருக்கு ஆய்வுகூடமெல்லாம் சும்மா சடங்கு. மாதிரித் தாளைக் காதடியில் பிடித்துக் கசக்குவார், ஓசையைக் கேட்பார், கண்ணை மூடுவார், சாமி வந்துவிடும்.

"தொட்டாத் தெரியும் மிஸ், இது எழுதுற கடதாசி," என்று மாதிரியைக் கமலேஸ்வரியின் மேசையில் வைத்தார். "நீங்க நிறுத்து ஒரு இலக்கத்தப் போட்டுத் தந்தாச் சரி."

"இலக்கம் போட்டுத் தாறதுக்கு இதென்ன லொத்தர்க் கடையா?" என்று கமலேஸ்வரி அவரை அனுப்பிவைத்தாள். பிறகு மாதிரியை அந்த அறையில் ஒரு நாள் கிடத்தினாள். கேத்தல் கொதித்தது, துவாய் சொட்டியது, ஐயா குறட்டை விட்டார். மறுநாள் நிறுத்தபோது அறுபத்தைந்து தசம் நாலு வந்தது. கையொப்பம் வைத்தாள். ரிஷாத்துக்குத் தன் காதின் மேல் பக்தி இன்னும் கூடிவிட்டது.

ஜெமீலா ஆட்சேபித்தாள். சுங்கக் கந்தோரில் விசாரணை வைத்தார்கள்.

நடத்தியவர் சுங்க மேலதிகாரியான அத்தியட்சகர் அம்மா. ஓய்வு பெற நெருங்கியவர், எதையும் சத்தமில்லாமல் முடித்து வீட்டுக்குப் போகிற சுபாவம். மேசைக்கு ஒரு பக்கம் ரிஷாத், பக்கத்தில் தங்கரத்தினம் ஐயா, அவருக்குப் பக்கத்தில் கமலேஸ்வரி. எதிரே ஜெமீலா தனியே. வக்கீல் இல்லை, தரகர் இல்லை. நாற்பது வயதிருக்கும். கறுத்த அபாயாவின் கைநுனியில் பசை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. கமலேஸ்வரி அந்தப் பசையைப் பார்த்தாள். நல்ல வேஷம் என்று நினைத்தாள்.

"நான் ரெண்டு தரமும் ஒரே ஆலையிலதான் எடுத்த," என்றாள் ஜெமீலா. "அங்க அறுபத்திநாலு. இங்க வந்தா அறுபத்தஞ்சரை. கப்பல்ல வரக்குள்ள கடதாசி திண்டு கொழுத்திச்சா?"

ரிஷாத் சிரித்தார். "எல்லாரும் சொல்ற கதைதான் மேடம்."

"ஆலைக்காரன் எழுதியிருக்கான், கடதாசி நிறுக்கிற அறைக்கு ஒரு கணக்கு இருக்காம். எனக்கு அந்தக் கணக்கெல்லாம் விளங்காது. ஒண்டே ஒண்டு கேக்கிறன். நிறுத்த அறை எப்பிடி இருந்திச்சு?"

அத்தியட்சகர் ஆய்வுகூடத்துப் பக்கம் திரும்ப முதலே தங்கரத்தினம் ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு எழும்பினார்.

"சர்வதேச நியமம், அம்மா! இருபத்துமூண்டு, ஐம்பது. ஒரு புள்ளி அங்காலை இங்காலை போகாது. நானே அதுக்குள்ளை இருந்து பாக்கிறனான்."

அவர் அதற்குள் இருந்து பார்க்கிறார் என்பது உண்மைதான். நித்திரை வரும்வரைக்கும் பார்ப்பார்.

"இருங்கோ," என்றார் அத்தியட்சகர். "அறிக்கையிலை சைன் வச்சது மிஸ்தானே. அவ சொல்லட்டும்."

"அவ என்னத்தைச் சொல்லுறது? நான் சொன்னதுதான் அவவும் சொல்லுவா. என்ன பிள்ளை?"

கமலேஸ்வரி என்ன சொல்ல வேண்டும் என்பது அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ஓம் என்று ஒரு சொல். சொன்னால் எல்லாம் பழையபடி. இல்லை என்றால் இந்த ஒரு அறிக்கை மட்டும் விழாது. அந்த அறையில் துவாய் ஏறிய நாளிலிருந்து அவள் கையொப்பம் வைத்த அத்தனை கடதாசி அறிக்கைகளும் தெருவுக்கு வரும். அவளிடம் இருந்த ஒரே சொத்து அந்தக் கையொப்பம். கந்தோருக்கு வரும் வழியெல்லாம் ஓம் என்று சொல்வதாகத்தான் தீர்மானித்திருந்தாள்.

ஆனால் ஐயா அவளுடைய தோளில் தட்டினார். கடையில் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கும் கிளியைத் தட்டுகிற மாதிரித் தட்டிவிட்டு, "சொல்லும், சொல்லும்," என்றார். கன்னியாத் தண்ணீரின் வாடை அவர் கையிலிருந்து அடித்தது. கமலேஸ்வரிக்கு உச்சியில் ஏறிவிட்டது. ஜெமீலாவுக்காக ஒரு துளி இரக்கம் அதில் இல்லை. மூட்டை எண்ணுகிற இந்த மனுசன் தன் வாய்க்குள் கையை விட்டு நாக்கை ஆட்டப் பார்க்கிறானே என்ற அருவருப்புத்தான் இருந்தது.

"இல்லை," என்றாள். "அறை நியமப்படி இருக்கேல்லை. ஈரம் எழுபதிலை நிண்டது."

"பிள்ளை!"

"ஐயா குளிச்சிட்டு வந்து துவாயை அதுக்குள்ளைதான் காயப்போடுறவர். கேத்தலும் அங்கைதான் கொதிக்கிறது. ஈரம் உறிஞ்சிற மெசின் நிப்பாட்டிக் கிடக்கு. சந்தேகமெண்டால் இப்பவே போய்ப் பாக்கலாம், துவாய் தொங்கும்."

அத்தியட்சகர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ரிஷாத், யாருக்காகச் சிரிக்க வேண்டும் என்று ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டு, அவரும் சிரித்தார். ஐயாவின் முகம் அவித்த இறால் நிறத்துக்கு வந்தது.

"எவ்வளவு காலமா இப்பிடி, மிஸ்?" என்று சிரிப்பினூடே கேட்டார் அத்தியட்சகர்.

கமலேஸ்வரிக்குக் கோபம் ஒரு நொடியில் இறங்கிவிட்டது. அதன் இடத்தில் புத்தி வந்து உட்கார்ந்தது.

"இப்ப கொஞ்ச நாளாத்தான்," என்றாள். "நான் ஐயாவிட்டைச் சொன்னனான். அவர் கேக்கேல்லை."

ஐயா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "ஓம் அம்மா, இப்ப கொஞ்ச நாளாத்தான்! முழங்கால் வருத்தம் இப்பத்தான் கூடினது." அந்த ஆய்வுகூடத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். அத்தியட்சகருக்கும் அது வசதியாக இருந்தது. கொஞ்ச நாள் என்றால் ஒரு மறுபரிசோதனையோடு முடியும். பழைய அறிக்கைக் கோவைகளை யார் கிளறுவது? ஜெமீலா மட்டும் சிரிக்கவில்லை. கமலேஸ்வரியின் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

மறுபரிசோதனையை எங்கே செய்வது என்ற கேள்வி வந்தது. துறைமுகப் பகுதியில் அங்கீகாரம் பெற்ற கூடம் அது ஒன்றுதான். ஆகவே குற்றவாளியின் வீட்டிலேயே வழக்கு. கதிரை, மேசை, கேத்தல், துவாய் எல்லாம் சாமான் சட்டி ஏற்றுகிற மாதிரி வெளியே வந்தன. நிறுத்திவைத்த மெசின் ஓடத் தொடங்கியது. முள் மெல்ல மெல்ல ஐம்பதுக்கு இறங்கியது. மாதிரி அதற்குள் ஒரு நாள் முழுக்கக் கிடந்தது. அத்தியட்சகரும் ரிஷாத்தும் ஜெமீலாவும் சுற்றி நிற்க, கமலேஸ்வரி நிறுத்தாள். அறுபத்துமூன்று தசம் ஒன்பது.

பத்திரிகைத் தாள். ரிஷாத் தாளை ஒருதரம் காதடியில் கசக்கிப் பார்த்தார். "ஓம், சரிதான். இப்ப சத்தம் வேற மாதிரி," என்றார். சாமிக்கு மலை ஏறவும் தெரியும்.

தங்கரத்தினம் ஐயா ஒரு கிழமைக்காவது தலைகுனிந்து நிற்பதைப் பார்க்கலாம் என்று கமலேஸ்வரி ஆசைப்பட்டிருந்தாள். அவர் அதற்குக்கூட லாயக்கில்லை. தன் குறையைத் தானே கண்டுபிடித்து அறிவிக்கிற நேர்மை இந்த மாவட்டத்தில் தன் கூடத்துக்கு மட்டும்தான் இருக்கிறது என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்லத் தொடங்கினார். கமலேஸ்வரியை வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. நிறுத்தினால் கையொப்பம் வைக்க ஆள் வேண்டுமே.

உருளைகளை விடுவிக்கிற நாளில் கடைசிப் பத்திரத்தைக் கொடுக்கக் கமலேஸ்வரியும் சுங்கக் கந்தோருக்குப் போக வேண்டியிருந்தது. வேலை முடிந்து வெளியே வந்தபோது துறைமுக வாசலுக்கு அருகில் ஜெமீலாவின் லொறி நின்றது. உருளைகளின் மேல் படங்கு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெமீலா கீழே நின்று கயிற்றை இழுத்துப் பார்த்தாள்.

நன்றி சொல்ல ஒரு சந்தர்ப்பம் கொடுப்போம் என்று கமலேஸ்வரி பக்கத்தில் போனாள். மொக்கர்களுக்கும் கள்ளர்களுக்கும் நடுவில் உண்மை சொன்ன ஒரே ஆள் அவள்தான். மொத்த விசாரணையும் அவளுடைய ஒரு சொல்லில்தான் திரும்பியது. ஒரு நன்றி பெரிய காரியமில்லை.

"எல்லாம் சரி வந்துட்டுது, என்ன?" என்றாள்.

"ஓம் மிஸ். இந்த முறை சரி வந்திட்டு." ஜெமீலா கயிற்றை விடாமல் திரும்பினாள். "ஒண்டு கேக்கட்டா? போன வருசமும் அந்தத் துவாய் தொங்கினதா?"

கமலேஸ்வரி கடலைப் பார்த்தாள். பொய் சொல்வதற்கு அவளுக்குப் பயமில்லை. ஆனால் இந்தப் பெண் பதில் தெரியாமல் கேட்கவில்லை என்பது அவளுக்கு விளங்கியது. விசாரணையில் தன் முகத்தைப் பார்த்தபடி இருந்தாளே, அப்போதே கண்டுகொண்டிருக்கிறாள்.

"தொங்கினது," என்றாள்.

"அப்ப ஒங்களுக்குத் தெரியுமா? ஈரம் கூட எண்டு?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சைன் வச்ச?"

கமலேஸ்வரியிடம் அதற்குக் காரணம் தயாராக இருந்தது. இத்தனை நாளாக அவளை நிம்மதியாகத் தூங்கவைத்த காரணம். அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டி வரும் என்று மட்டும் அவள் எதிர்பார்த்ததில்லை.

"சாமான் இறக்குறவை எல்லாரும் ஏதோ ஒரு வழியிலை ஏமாத்துறவைதானே எண்டு..."

சொல்லச் சொல்ல அது எவ்வளவு சின்னத்தனமாக இருக்கிறது என்று அவளுடைய காதுக்கே கேட்டது. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

ஜெமீலா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கமலேஸ்வரிக்குத் தாங்கக்கூடியதாக இருந்திருக்கும்.

"என்ட பேருல கள்ளி எண்டு எழுதினது அப்பிடியே கிடக்கு மிஸ். அது ஒங்கட பேப்பர வச்சு எழுதினது. அத நீங்க சொன்னாத்தான் அழிப்பாங்க. அம்மா இன்னும் உள்ளுக்கதான் இரிக்கா. வந்து சொல்லுறீங்களா?"

கந்தோர்க் கதவு திறந்துதான் கிடந்தது. அத்தியட்சகர் அம்மா மேசையில் எதையோ அடுக்கிக்கொண்டிருந்தது வாசலிலிருந்தே தெரிந்தது. விசாரணைக்குப் போனபோது ஓடியதைவிட வேகமாகக் கமலேஸ்வரியின் மனம் ஓடியது. போன வருடம் என்றால் ஜெமீலா மட்டுமா? மற்றவர்களும் கிளம்பி வருவார்கள். அங்கீகாரம் போகும். தன் பெயர் போகும்.

"அதுக்கு ஐயாவும் சம்மதிக்க வேணும்," என்றாள். "துவாயைத் தொங்கவிட்டது அவர்தானே."

"அவர் துவாயத்தான் தொங்கவிட்டாரு," என்றாள் ஜெமீலா. "சைன் வச்சது நீங்க."

அவ்வளவுதான். அவள் கயிற்றின் நுனியை முடிச்சுப் போட்டாள், அபாயாவை ஒதுக்கிக்கொண்டு முன் ஆசனத்தில் ஏறினாள், கதவைச் சாத்தினாள். ஒருதரம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்க அங்கே யாரும் நிற்கவில்லை என்பது மாதிரி இருந்தது. லொறி கிண்ணியாப் பக்கம் திரும்பிப் போயிற்று.

கமலேஸ்வரி நின்ற இடத்திலேயே நின்றாள். கொஞ்ச நேரத்தில் அத்தியட்சகர் அம்மா கைப்பையோடு வெளியே வந்து கந்தோரைப் பூட்டினார். வாசலில் அவளைக் கண்டதும் நின்றார்.

"என்ன மிஸ், இன்னும் போகேல்லையா? என்னோடை ஏதும் கதைக்க வேணுமே?"

"இல்லை அம்மா," என்றாள் கமலேஸ்வரி. "பஸ் வருமெண்டு பாத்துக்கொண்டு நிக்கிறன்."

அந்த வாசலுக்கு முன்னால் எந்த பஸ்ஸும் நிற்பதில்லை. அது இருவருக்கும் தெரியும்.